வடக்குச் சுவர்க் கண்ணாடி

"வாத்தியாரம்மா, இந்தக் கண்ணாடி எதுக்கு வலத்தை இடமாக்குது? மாத்துறதுன்னு ஆயிட்டா தலையையும் காலையும் சேத்து மாத்த வேண்டியதுதான? அதை மட்டும் ஏன் விட்டு வெச்சிருக்கு?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் சிலம்பக்கூடத்துக்குள் வந்து கேட்டான் பலவேசம்.

பிரம்மசக்தி கம்புகளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"செருப்பு," என்றார்.

பலவேசம் வெளியே ஓடினான். செருப்பை உதறிவிட்டு வந்து, அதே கேள்வியை முதலிலிருந்து கேட்டான்.

அவனுக்கு நாற்பத்தெட்டு வயது. நெல் அரைக்கும் மில் ஒன்றுக்கு முதலாளி. வாத்தியாரம்மாவுக்கு முப்பத்து நான்கு. அந்த ஊரில் கம்பு சொல்லிக்கொடுக்க அவரை விட்டால் ஆள் இல்லை. வயதுக்கு மரியாதை கொடுத்து அவர் இவனை அண்ணாச்சி என்பார். கம்புக்கு மரியாதை கொடுத்து இவன் அவரை வாத்தியாரம்மா என்பான். இரண்டு பேருக்கும் அதில் ஒரு சங்கடமும் இருந்ததில்லை.

"கண்ணாடிக்கும் உங்களுக்கும் என்ன தகராறு அண்ணாச்சி?"

பலவேசம் சட்டையைத் தூக்கி இடது விலாவைக் காட்டினான். அங்கே ஊதா நிறத்தில் கன்றிப் போயிருந்தது.

"நேத்து நீங்க வெச்ச அடி. முந்தாநாள் வெச்சதும் இங்கனதான். போன வாரமும் இங்கனதான்."

"தெரியுது. அதுக்குக் கண்ணாடி என்ன செய்யும்?"

அப்போதுதான் அவன் உண்மையைச் சொன்னான். டவுனில் ஒரு ஜவுளிக்கடையை மூடியபோது ஆள் உயரக் கண்ணாடி ஒன்றை வாங்கி வந்திருக்கிறான். மில்லில் மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் மாட்டி வைத்து, எட்டு மாதமாகத் தினமும் காலையில் அதன் முன்னால் கம்பு வீசுகிறான். யாருக்கும் தெரியாது.

"கண்ணாடி முன்னால நின்னா நான் புலி, வாத்தியாரம்மா. கூடத்துக்கு வந்தா உங்க கம்பு நேரா என் இடது விலாவுல வந்து உக்காருது. எல்லாத்தையும் இடம் வலம் மாத்தி எனக்குச் சொல்லிக்குடுத்திருச்சு அந்தக் கண்ணாடி. படிச்சது பூரா தப்பு. இப்ப ஒவ்வொண்ணா திருப்பிப் போட்டுச் சொல்லித் தாங்க. ஒன்பது நாளுதான் இருக்கு."

அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குத்தான் ஒன்பது நாள்.

கொடையன்று கோயில் வாசலில் இரண்டு பேர் எதிரெதிராக நின்று கம்பு வீசுவார்கள். ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் நாலடி தள்ளி ஒரு சுண்ணாம்புக் கோடு. அடி வாங்கினால் தோல்வி இல்லை. கம்பு கைநழுவினால் குனிந்து எடுத்துக்கொள்ளலாம். பின்னால் போய்க் கோட்டைத் தாண்டினால் மட்டும்தான் தோல்வி.

போன வருஷம் பலவேசம் தாண்டிவிட்டான். எதிரே நின்று ஆடியவன் கொம்பையா. பலவேசத்தின் மனைவி முப்பிடாதிக்குக் கூடப்பிறந்த தம்பி.

தோற்றதோடு போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. பலவேசம் தோற்கவில்லை என்று நின்றான். நான் ஓரடிகூட நகரவில்லை, ஆட்டத்தின் நடுவே கொம்பையா ஆள் வைத்து என் முதுகுக்குப் பின்னால் கோட்டை அழித்து முன்னால் தள்ளிப் போட்டுவிட்டான் என்று ஊர் கூடியிருந்த இடத்தில் கத்தினான். மச்சினனைப் பார்த்துத் திருட்டுப் பயலே என்றான். அதோடும் வாய் நிற்கவில்லை. கோட்டுக்குள் நின்று இவனை ஜெயிக்கிறவரைக்கும் என் வீட்டு ஆட்கள் யாரும் இவன் வாசலை மிதிக்கமாட்டார்கள் என்றும் சொல்லிவிட்டான்.

முப்பிடாதியின் தாய்வீடு மூன்று தெரு தள்ளித்தான். தை மாதம் தம்பி மகனுக்குக் காது குத்தினார்கள். அத்தைக்காரி முப்பிடாதி தன் வீட்டிலேயே இருந்து, மேளச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வெங்காயம் உரித்தாள். அன்றைக்குச் சோறு போடும்போது புருஷனிடம் அவள் சொன்னது இவ்வளவுதான்.

"நீங்க எப்ப ஜெயிக்கியளோ அப்ப சொல்லுங்க. உசுரோட இருந்தா எந்திரிச்சு வாரேன்."

அதற்குப் பிறகு பலவேசத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் நிற்கத் தோன்றும், நின்றால் நடக்கத் தோன்றும். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்க் கம்பை எடுப்பான். இந்தக் கொடையிலும் கோட்டைத் தாண்டிவிட்டால் அவளுக்கு இன்னொரு வருஷம்.

பிரம்மசக்தி எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தார்.

"கண்ணாடி எந்தச் சுவர்ல இருக்கு?"

"வடக்குச் சுவர்ல."

"போய் அது முன்னால நின்னு கிழக்கே கையை நீட்டுங்க. உள்ள நிக்கவன் எந்தத் திசையில நீட்டுதான்னு பாத்துட்டு வாங்க."

"இதுக்கு எதுக்குப் போகணும்? மேற்கேதான் நீட்டுவான். மாத்துறதுதான அவன் சோலி."

"பாத்துட்டு வாங்க."

மில் ஊரின் மறுகோடியில் இருந்தது. நல்ல வெயில். பலவேசம் மொபட்டை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனான். திரும்பி வரும்போது அவன் குரல் இறங்கியிருந்தது.

"கிழக்கேதான் நீட்டுதான். மேற்கேயும் நீட்டிப் பாத்தேன். அவனும் மேற்கே."

"மேலே?"

அதை அவன் செய்து பார்க்கவில்லை. மறுபடியும் போனான். மறுபடியும் வந்தான்.

"மேலேன்னா மேலே, கீழேன்னா கீழே. ஒண்ணையும் மாத்தலை."

"வடக்கே?"

"வாத்தியாரம்மா, இதை மொதல்லயே சொல்லியிருந்தா ஒரே நடையில முடிஞ்சிருக்கும்லா?"

"மொதல்லயே உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருந்துச்சே."

மூன்றாவது முறை அவன் வர நேரமாயிற்று. வந்து, சொல்லாமலே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.

"வடக்கே நீட்டினா அவன் தெற்கே நீட்டுதான். நேரா என் நெஞ்சைப் பாத்து."

"அப்போ கண்ணாடி எதை மாத்துது?"

"முன்னையும் பின்னையும்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல," என்றான். ஆனால் ஒத்துக்கொள்ள மனசில்லை. கையை நீட்டிக் கடிகாரத்தைக் காட்டினான். "இது என் இடது கையில கெடக்கு. கண்ணாடிக்குள்ள இருக்கவன் வலது கையில கட்டியிருக்கான். அது பொய்யா?"

"அது அவனுக்கு வலது கைன்னு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? அவன் இடத்துல நான் நிக்கதா நெனச்சுப் பாத்தா தெரியுதே."

"அவன் இடத்துக்கு எப்படிப் போனிய?"

பலவேசம் யோசித்தான். யோசிக்கும்போது அவன் கால்கள் கூடவே நடந்தன. "இப்படிச் சுத்திப் போயி, கண்ணாடிக்குப் பின்னால நின்னு, இந்தப் பக்கமாத் திரும்பி..."

"யாரு திரும்பினது?"

"நான்தான்."

"உள்ள இருக்கவன் திரும்பினானா?"

பலவேசத்தின் கால்கள் நின்றன.

"அண்ணாச்சி, நீங்க சுத்திப் போகாம, அப்படியே தலைக்கு மேல குட்டிக்கரணம் போட்டு அந்தப் பக்கம் தலைகீழாப் போய் விழுந்திருந்தா?"

அவன் கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் குட்டிக்கரணம் போட்டான். அந்த உடம்புக்கு அது கொஞ்சம் பெரிய வேலைதான்.

"கடிகாரம் சரியா இருக்கும்," என்றான். "தலைதான் மாறிப் போயிருக்கும்."

"அப்ப எங்கிட்ட வந்து என்ன கேட்டிருப்பிய?"

"கண்ணாடி எதுக்குத் தலையைக் காலாக்குதுன்னு கேட்டிருப்பேன்."

பிரம்மசக்தி சிரித்தார். பலவேசத்துக்கும் சிரிப்பு வந்தது, விலா வலித்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"கொம்பையா உங்களைப் பாக்கத் திரும்பி நிக்கவன். அவன் வலது கை உங்க இடது பக்கந்தான் வரும். கண்ணாடிக்காரன் திரும்பாதவன். அவன் கம்பு உங்க கம்பு இருக்க பக்கமே வரும். எட்டு மாசம் அவனை நம்பி இடது விலாவைத் தெறந்து போட்டுட்டிய. அது நாலு நாள்ல சரியாயிரும்."

"அவ்வளவுதானா?" பலவேசத்துக்கு உடம்பிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. கம்பை எடுத்துக்கொண்டு அப்போதே தொடங்கத் தயாரானான்.

"முன்னையும் பின்னையும் மாத்துதே. அதை என்ன செய்யப் போறிய?"

"அதுல எனக்கென்ன வாத்தியாரம்மா? எதிர்ல நிக்கவன் எதிர்லதான நிக்கான்."

பிரம்மசக்தி கம்பை அவன் கையிலிருந்து வாங்கிச் சுவரில் சாத்தினார்.

"நாளைக்குக் காலையில மில்லுக்கு வாரேன். அவனோட ஆடிக் காட்டுங்க."

*

மறுநாள் கிட்டங்கியில் வாத்தியாரம்மா முதலில் கேட்டது தவிடு.

"எவ்வளவு?"

"தரை மறையுற அளவுக்கு."

மில்லில் வேலை செய்யும் கோமு ஒரு கூடைத் தவிட்டைக் கொண்டுவந்து, கண்ணாடியிலிருந்து எதிர்ச் சுவரில் அடுக்கியிருந்த மூட்டைகள் வரைக்கும் மெல்லிசாகத் தூவினாள். அவளுக்கு இது என்ன கூத்து என்று தெரியவில்லை. வாசல் நிலையில் சாய்ந்து நின்றுகொண்டாள். பிரம்மசக்தி ஓரமாக ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தார்.

பலவேசம் கண்ணாடியிலிருந்து மூன்று கம்பு தூரத்தில் நின்று வணக்கம் வைத்தான். கண்ணாடிக்காரனும் வைத்தான்.

ஆட்டம் தொடங்கியது.

சும்மா சொல்லக்கூடாது, பலவேசம் அன்றைக்கு நன்றாக ஆடினான். கம்பு காற்றைக் கிழிக்கிற சத்தம் கிட்டங்கி முழுக்கக் கேட்டது. இவன் அடித்தால் அவனும் அடித்தான், இவன் தடுத்தால் அவனும் தடுத்தான். ஆனால் ஒவ்வொரு அடிக்கும் கண்ணாடிக்காரன் கொஞ்சம் பின்னால் போனான். ஒரு அடிக்கு ஒரு சாண். பலவேசம் அதைப் பார்த்தான், பார்க்கப் பார்க்க அவனுக்கு வெறி ஏறியது. அந்த முகத்தில் கொம்பையாவை வைத்து அடித்தான். அவன் போனான். இன்னும் போனான்.

கடைசி வீச்சில் பலவேசத்தின் முதுகு மூட்டையில் இடித்தது.

"ஏட்டி கோமு! மூட்டையை மறுபடியும் முன்னால தள்ளி அடுக்கிட்டியா? எத்தன தடவை சொல்லுதேன்!"

"நான் அதைத் தொடவே இல்ல மொதலாளி. எட்டு மாசமா நானும் இதையேதான் சொல்லுதேன்."

"பின்ன மூட்டைக்கு என்ன கால் மொளச்சிருக்கா?"

கோமு வாயை மூடிக்கொண்டாள். எட்டு மாதத்தில் அவளுக்கு அது பழகியிருந்தது.

"யாரு ஜெயிச்சா அண்ணாச்சி?" என்று கேட்டார் பிரம்மசக்தி.

"நான்தான்!" பலவேசத்துக்கு மூச்சு வாங்கியது. "பாத்தியள்லா, எப்படி ஓடினான்னு? மொதல்ல என் ஒசரம் நின்னான். இப்பப் பாருங்க, அந்தக் கோடியில போய் ஒடுங்கிப் போய் நிக்கான்."

பிரம்மசக்தி தரையைக் காட்டினார்.

தவிட்டில் அவன் கால்தடங்கள் இருந்தன. அவன் வணக்கம் வைத்த இடத்தில் தொடங்கி, ஒன்றன்பின் ஒன்றாக, மூட்டை வரைக்கும். எல்லாவற்றிலும் குதிகால்தான் அழுந்தியிருந்தது. முன்னால் போன தடம் ஒன்றுகூட இல்லை.

பலவேசம் சிரித்துக்கொண்டே குனிந்து பார்த்தான். சிரிப்பு போக நேரமாயிற்று.

நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தான். அந்தக் கோடியில் ஒரு சின்ன மனுஷன், மூட்டையில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றான்.

பலவேசம் ஒரு அடி முன்னால் வைத்தான். அவனும் வைத்தான். இன்னொரு அடி. அவனும் பெரிதாகிக்கொண்டே, கம்போடு, நேராக இவனைப் பார்த்து வந்தான். பலவேசத்தின் கால் தானாகப் பின்னால் போய்விட்டது. அவனுடையதும் போனது.

உடம்பெல்லாம் வேர்த்திருந்தவனுக்குக் குளிர்ந்தது.

பலவேசம் கம்பைக் கீழே வைத்தான்.

"போன வருஷம் அந்தக் கோடு எங்கன கெடந்துச்சு?"

"போட்ட எடத்துல."

"நீங்க பாத்தியளா?"

"போட்டதே நான்தான அண்ணாச்சி."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னேன். நாலு தடவை சொன்னேன். நீங்க சத்தம் போட்டுட்டு இருந்திய."

கோமு விளக்குமாறை எடுத்துக்கொண்டு வந்தாள். "பெருக்கிரட்டுமா மொதலாளி?"

"இரு," என்றான் பலவேசம். "ஒரு நிமிசம் இரு." பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல், "மூட்டையை நீ தள்ளலை," என்றான்.

"அதைத்தான நானும்..." என்று தொடங்கிய கோமு, அவன் நின்ற நிலையைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

*

முப்பிடாதி புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"சேலையை மாத்திட்டு வா. ஒன் தம்பி வீட்டுக்குப் போவோம்."

அவள் கரைப்பதை நிறுத்தினாள். "கொடைக்கு இன்னும் எட்டு நாள் இருக்கு. அதுக்குள்ள எங்க ஜெயிச்சிய?"

"ஜெயிக்கலை."

முப்பிடாதி கையைக் கழுவிக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். தவிடு முழங்கால் வரைக்கும் ஒட்டியிருந்தது. அவள் ஏன் என்று கேட்கவில்லை. நல்ல சேலையாக ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தாள். ஆனால் தெருமுக்கு வந்ததும் நின்றுவிட்டாள்.

"திருட்டுப் பயன்னு சொன்னது நீங்க. போய்ப் பேசிட்டு வாங்க. அவன் கூப்பிட்டாத்தான் நான் வருவேன்."

அந்தத் தெருவில் பதினாறு வீடுகள். பலவேசம் ஒரு வருஷத்துக்குப் பிறகு அதில் நடந்தான். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் அடுக்கி வைத்துக்கொண்டே போனான். வாசலுக்குப் போனதும் ஒன்றும் மிச்சமில்லை.

கொம்பையா முற்றத்தில் மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தான். அத்தானைப் பார்த்ததும் அவன் முகம் கடுத்தது. வைக்கோலை விடவில்லை.

"என்ன? ஜெயிக்காம இந்த வாசலை மிதிக்கமாட்டேன்னு சொன்னிய?"

"கோடு நகரலை மாப்ளே," என்றான் பலவேசம். "நான்தான் நகந்துட்டேன். இன்னைக்குக் காலையிலதான் எனக்கே தெரியும்."

கொம்பையா வைக்கோலை உதறிக்கொண்டே இருந்தான்.

"ஒன்னத் திருட்டுப் பயன்னேன். ஊர் முன்னால சொன்னேன். கொடையன்னைக்கு அதே ஊர் முன்னால இல்லன்னு சொல்லுதேன். ஒங்க அக்கா தெருமுக்குல நிக்கா. நீ கூப்பிட்டாத்தான் வருவாளாம்."

கொம்பையா வைக்கோலை வீசி எறிந்துவிட்டு வந்தான். கோயில் வாசலில் வந்த அதே வேகம். நேராக, பெரிதாகிக்கொண்டே, பலவேசத்தின் நெஞ்சைப் பார்த்து வந்தான்.

அடி விழப்போகிறது என்று பலவேசம் நினைத்தான். விழ வேண்டியதுதான் என்றும் நினைத்தான். அவன் குதிகால் எழும்பியது. அதைக் கீழே வைத்து ஊன்றினான்.

கொம்பையா தோளில் இடித்துக்கொண்டு அவனைத் தாண்டி ஓடினான்.

"எக்கா!"